பேச்சியம்மாளின் பொங்கல் விடுமுறை

ஒரு நாள் நள்ளிரவு பன்னிரண்டு மணிக்குத் தொடங்குகிறது என்று படித்தவர்கள்கூட நம்பிக்கொண்டிருக்கிறார்கள். விளைவுகள் கடுமையானவை என்பதால் இதை உடனே திருத்தியாக வேண்டும். பஞ்சாங்கத்துக்கு நாள் சூரியன் உதிக்கும்போது தொடங்குகிறது. பிறை பார்த்து நோன்பு பிடிப்பவர்களுக்கு முந்தைய அந்தியிலேயே தொடங்கிவிடுகிறது. அலுவலகங்களில் மேலாளர் வந்து உட்கார்ந்ததும் தொடங்குகிறது. நள்ளிரவில் தொடங்குவது தேதி மட்டுமே.

இந்த வேறுபாடு திருமேனிக்குத் தெரியாது. வங்கியில் முப்பத்தைந்து வருடம் இருந்துவிட்டு, அறுபதாவது வயதில் ஞானம் தேடி ஆசிரமத்துக்கு வந்தவர். குரு சிவகாமி அவரைவிடப் பதினெட்டு வயது இளையவர். வந்த அன்றே, ஆசிரமம் நடத்தும் கண் மருத்துவமனையில் யார் எப்போது வேலைக்கு வர வேண்டும் என்று அட்டவணை போடும் பொறுப்பை அவரிடம் கொடுத்தார்.

“தியானம் எப்போது, அம்மா?” என்று கேட்டார் திருமேனி.

“சொல்கிறேன்,” என்றார் குரு. மூன்று வருடமாகச் சொல்லவில்லை.

அட்டவணை கணினியில் இருந்தது. இந்த மார்கழியில் அதற்கு ஓர் ஏஐ உதவியாளர் வந்து சேர்ந்தது. வேண்டியதை எழுதினால் போதும், அதுவே செய்துவிடும். திருமேனி எழுதினார்: ‘அரசு விடுமுறை எல்லாவற்றையும் எல்லோருக்கும் சேர்.’

நான்கு விநாடியில் பதில் வந்தது. ‘மகிழ்ச்சியுடன் சேர்த்துவிட்டேன். நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் பொங்கல் விடுமுறை உண்டு. வெளியிலிருந்து மாற்றாட்களும் போட்டாயிற்று. முரண்பாடு எதுவும் இல்லை.’

திருமேனிக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் காலை, வாசல் காவலில் இரவு வேலை பார்க்கும் பேச்சியம்மாள் வேலை முடிந்ததும் நேராக அவர் மேசைக்கு வந்தாள்.

“எனக்குப் பொங்கலுக்கு லீவு உண்டா, இல்லையா சார்?”

“உண்டும்மா. எல்லோருக்கும் உண்டு.”

“எப்பத்துல இருந்து?”

அவர் திரையைப் பார்த்தார். அவளுடைய வேலை இரவு எட்டு மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை எட்டு மணிக்கு முடியும். போகி இரவு வேலை. பொங்கல் இரவு விடுமுறை.

“பொங்கலன்று ராத்திரி எட்டு மணியிலிருந்து,” என்றார். சொல்லும்போதே குரல் இறங்கியது.

“பானையைக் கழுவிக் கவுத்தின பொறவு.”

“கணினியின் விதி அப்படி. வேலை எந்தத் தேதியில் ஆரம்பிக்கிறதோ, முடியும்வரை அந்தத் தேதிதான்.”

“அப்ப பொங்கலன்னைக்கு விடியக்காலம் ஆறு மணிக்கு இந்தக் கேட்டைப் புடிச்சிக்கிட்டு நிக்கது யாரு? நேத்தைக்குள்ள பேச்சியா?”

அவர் மறுபடி திரையைப் பார்த்தார்.

“ரெண்டு வருசமா இதே கூத்து. எம் மவ, அம்மா வரட்டும்னு அடுப்புப் பத்த வைக்காம உக்காந்திருக்கா. நான் போய்ச் சேருததுக்குள்ள தெருவே குலவை போட்டு ஓஞ்சிருது. புதுசா ஒண்ணு வருது, எல்லாத்தையும் சரி பண்ணிரும்னு நீங்கதான சொன்னிய? நல்லாத்தான் பண்ணிருக்கு.”

திருமேனிக்குச் சுருக்கென்றது. அவளையும் அழைத்துக்கொண்டு குருவிடம் போனார். குரு, யாரோ கொடுத்துவிட்டுப் போன பழைய மூக்குக் கண்ணாடிகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

“முப்பத்தைந்து வருடத்தில் என்னை ஒருவர் ஓரவஞ்சகன் என்று சொன்னதில்லை,” என்றார் திருமேனி.

“நான் எங்க சொன்னேன்?” என்றாள் பேச்சியம்மாள்.

“சொல்லாமல் சொன்னாய். நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் ஒரே விதி, அம்மா. இதில் என் தப்பு என்ன? உதவியாளரே முரண்பாடு இல்லை என்கிறது.”

“அது உங்கள் சீடன். குருவை எதிர்த்துப் பேசுமா?” என்றார் குரு. “பொங்கல் என்றால் என்ன என்று அதைக் கேளுங்கள்.”

திருமேனி கைப்பேசியில் கேட்டார். அதன் விடுமுறைப் பட்டியலில் இருந்தபடியே பதில் வந்தது. ‘பொங்கல் என்பது ஜனவரி பதினைந்து. வேறு உதவி வேண்டுமா?’

“இப்போது இவளைக் கேளுங்கள்.”

“இதுல கேக்கதுக்கு என்ன இருக்கு?” என்றாள் பேச்சியம்மாள். “பால் பொங்குத நேரம்.”

குரு கையிலிருந்த கண்ணாடியைக் கீழே வைத்தார். ஞானிகளின் முகத்தில் இருப்பதாகச் சொல்லப்படும் சாந்தம் அந்த முகத்தில் இல்லை.

“விடுமுறை கொடுத்தீர்களே, பேங்க்காரரே. தேதிக்குக் கொடுத்தீர்களா, இவளுக்கா?”

திருமேனி கைப்பேசியில் அட்டவணையைத் திறந்து பார்த்தார். பிறகு, “போகி ராத்திரி வாசலுக்கு ஓர் ஆள் வேண்டுமே, அம்மா,” என்றார்.

“தியானம் எப்போது என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்கள் அல்லவா?” என்றார் குரு. “போகி அன்று இரவு எட்டு மணிக்கு.”

பொங்கலன்று காலை ஆறு நாற்பதுக்கு, வாசலில் நின்றுகொண்டிருந்த திருமேனிக்கு உதவியாளரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. ‘இன்று உங்களுக்கு விடுமுறை. பணியிடத்தில் இருப்பதற்கான காரணத்தைத் தெரிவிக்கவும்.’

அவர் எழுதினார்: ‘இங்கே நிற்பது நேற்றைய திருமேனி.’

காரணம் ஏற்றுக்கொள்ளப்பட்டது.