முதல் கவளம்

"பொறாமை சாமி! வேற ஒண்ணுமில்ல. பொறாமை!"

மடத்துப் படியில் கால் வைக்கும்போதே கோமதிநாயகம் கத்தினார். செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை. ஒன்று படியில் கிடந்தது. ஒன்று மண்ணில்.

வயது அறுபத்திரண்டு. மின்வாரியத்தில் ஓய்வு பெற்று நாலு வருடம். அன்றிலிருந்து முகநூலில் எழுதுகிறார். தினமும் மூன்று பதிவு. பதினெட்டாயிரம் பேர் படிக்கிறார்கள். கேட்காவிட்டாலும் அதை அவரே சொல்லிவிடுவார்.

மடத்தை நடத்தும் சாமி அவரைவிட இருபது வயது இளையவர். கிணற்றடியில் உட்கார்ந்து வாழையிலை நறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"யாருக்கு?"

"மூணு பேருக்கு. முந்தாநாள் நம்ம மடத்தைப் பத்தி எழுதினேன். புகழ்ந்து சாமி! வெள்ளத்தாயி சமையலைப் பத்தி எவனாவது அப்படி எழுதியிருக்கானா? அதுக்குக் கீழே வந்து ஒருத்தன் கேக்கான், 'முழுசாப் படிச்சுப் பாத்தியளா அண்ணாச்சி?'ன்னு. எழுதினவனைப் பாத்தே கேக்கான்! இன்னும் ரெண்டு பேரு அவன்கூடச் சேந்துக்கிட்டானுவ."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? மூணு பேரையும் பிளாக் பண்ணிட்டேன்."

"படிச்சீரா?"

"எதை?"

சாமி கத்தியைக் கழுவினார். இலைக்கட்டைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

"சோறு ஆச்சு. வாரும்."

அன்று அமாவாசை. மற்ற நாளில் வழிப்போக்கர் பத்துப் பேருக்கு, அமாவாசைக்கு மாதம் தவறாமல் இருநூறு பேருக்கு அங்கே சோறு. நல்ல சோறு.

அங்கே ஒரு வழக்கம். சமைத்தவள்தான் முதலில் சாப்பிட வேண்டும். அவள் ஒரு கவளம் எடுத்து, மென்று, விழுங்கி, தலையாட்டினால்தான் மணி அடிப்பார்கள். மணி அடித்தால்தான் பந்தி.

முதல்தடவை அதைப் பார்த்தபோது கோமதிநாயகத்துக்குப் பொறுக்கவில்லை. ஊரே பசியோடு நிற்கிறது, சமையல்காரி காலை மடக்கி உட்கார்ந்து தின்கிறாள்! அதுவும் அன்றைக்குப் பார்த்து அவள் பல்லில் ஒரு கல் கடிபட்டது. அவ்வளவுதான். அந்த அண்டாவை ஒதுக்கிவிட்டு மறு உலை வைத்துவிட்டாள். முக்கால் மணி நேரம் எல்லாரும் வெயிலில் நின்றார்கள்.

"ஒரு கல்லுக்கா?" என்று இவர் குதித்தார்.

"அடுத்த கல்லு யார் வாயில போவும்னு எனக்குத் தெரியாதே அண்ணாச்சி" என்றாள் வெள்ளத்தாயி. சிரித்துக்கொண்டே.

இன்றைக்கு அவள் சிரிக்கவில்லை.

பந்திக்கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். விரல்களில் துணி சுற்றியிருந்தது. ஒரு கவளம் எடுத்தாள். மென்றாள். விழுங்கினாள். தலையாட்டவில்லை. இன்னொரு கவளம். பிறகு இன்னொன்று. கண்ணை மூடிக்கொண்டு மென்றாள்.

கடைசியில் தலையாட்டினாள். சாமி மணியை அடித்தார்.

மூன்று பேர் வந்தார்கள்.

மூவரும் பரதேசிகள். மூவரிடமும் போன் கிடையாது.

கோமதிநாயகம் வாசலை எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை.

"சனமெல்லாம் எங்கே சாமி?"

"உக்காரும்."

உட்கார்ந்தார். சாமியே பரிமாறினார். சாப்பிட்டார். அருமையாக இருந்தது. இரண்டாம் தடவை வந்தது. அதையும் சாப்பிட்டார். மூன்றாம் தடவை கையை இலைக்குக் குறுக்கே வைத்தார். கையின் மேலேயே சோறு விழுந்தது.

"போதும் சாமி!"

"இருநூறு பேருக்கு வடிச்சது. தின்னும்."

"நான் ஒருத்தன் எப்படித் தின்ன முடியும்?"

"ஏன்வே, உம்ம பதினெட்டாயிரம் பேரு எங்கே? ஒருத்தனையாவது கூப்பிடும்."

கோமதிநாயகத்துக்கு ஒன்றும் புரியவில்லை. அப்போதுதான் சன்னல் வழியாகக் கொல்லைப்புறம் கண்ணில் பட்டது. அடுக்களையே வெளியில் வந்து கிடந்தது. அண்டா, குண்டான், கரண்டி எல்லாம் வெயிலில் கவிழ்த்தியிருந்தன. அரிசி மூட்டை, பருப்பு மூட்டை அவிழ்த்துப் பாயில் கொட்டியிருந்தது. அலமாரிப் பலகைகளைக்கூடக் கழற்றித் தேய்த்திருந்தார்கள். சுவர் ஓரமாக ஒரு மஞ்சள் பை. வாயைக் கயிற்றால் கட்டியிருந்தது.

"என்ன இது?"

"ரெண்டு நாளா வெள்ளத்தாயி தேடுதா. பகலெல்லாம் தேய்க்கா."

"என்னத்தை?"

"கரப்பானை."

"கரப்பானா? இங்கேயா?"

"சாம்பார்ல கிடந்துச்சாம். ரெண்டு பிள்ளைக ஆஸ்பத்திரியில கிடக்காம். கீழூர்க்காரங்க வந்து சொன்னாங்க." சாமி இன்னொரு கரண்டி வைத்தார். "அஞ்சு மணி பஸ்ஸுக்கு ஊருக்குப் போறாளாம். பத்தொம்போது வருசமா எதுவும் நடக்கல, இப்பக் கை கெட்டுப்போச்சுங்கா. இனிமே கரண்டியத் தொட மாட்டாளாம்."

கோமதிநாயகம் துள்ளி எழுந்தார். முகம் சிவந்துவிட்டது.

"எவன் சொன்னான்? சொல்லுங்க சாமி, எந்தப் பய சொன்னான்? இந்தக் கையைப் பத்தி இப்படிச் சொன்னவன் நாக்கு அழுகிப்போவும்! இப்பவே எழுதுதேன். பேரு மட்டும் சொல்லுங்க, அவனைக் கிழிச்சுத் தொங்கவிட்டுடுதேன்!"

"எழுதும். அதுக்கு முன்னே முந்தாநாள் எழுதினதைப் படியும்."

"அது புகழ்ந்துல்லா எழுதினது?"

"சத்தமாப் படியும். அவளும் கேக்கட்டும்."

வெள்ளத்தாயி தூணோரம் வந்து நின்றாள்.

கோமதிநாயகம் இடது கையால் போனை எடுத்தார். வலது கையில் சோறு காய்ந்துகொண்டிருந்தது. தொண்டையைச் செருமினார். மேடையில் படிப்பதுபோலப் படித்தார்.

"'எங்கள் ஊர் மலையடிவார மடத்தில் ஓர் அன்னபூரணி இருக்கிறாள். பெயர் வெள்ளத்தாயி. அமாவாசைதோறும் இருநூறு வயிற்றை நிறைக்கிறாள். அவள் சாம்பாரை ஒருமுறை சாப்பிட்டவன் மறுமுறை வராமல் இருக்கமாட்டான்...'"

வெள்ளத்தாயி தலையைக் குனிந்துகொண்டாள்.

"'...அந்தப் பருப்பின் பதம், அந்தப் பெருங்காய வாசனை. நேற்று அதே சாம்பாரில் மிதந்தது ஒரு கரப்பான். இரண்டு பிள்ளைகள் வாந்தி எடுத்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்கள். கேட்டால் அலட்சியமாகச் சிரிக்கிறார்கள். நண்பர்களே, தயவுசெய்து உங்கள் குழந்தைகளை அந்தப் பக்கம்...'"

குரல் நின்றது.

போனைக் கண்ணருகே கொண்டுவந்து மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார்.

"இது... இது பைபாஸ் ஓட்டலு சாமி. அவனைப் பத்தித் தனியா எழுதி வச்சிருந்தேன். ரெண்டும் போன்ல ஒரே இடத்துல கிடந்துச்சு. இதோட கடைசியை எடுக்கப் போய் அதோட கடைசியை எடுத்து ஒட்டி..."

சாமி கரண்டியைக் குண்டானில் வைத்தார்.

வெள்ளத்தாயிதான் முதலில் கேட்டாள். மெதுவாக.

"அப்போ, அது நம்ம அண்டாவுல இல்லையா?"

"இல்ல தாயி."

"நம்ம சாம்பார்ல?"

"இல்லவே இல்ல."

"அந்தப் பிள்ளைக?"

"அது ஓட்டல்ல சாப்பிட்ட பிள்ளைக. வீட்டுக்கு வந்துட்டாங்க. நல்லா இருக்காங்க."

அவள் மூச்சை விட்டாள். பிறகு விரல்களை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். துணிக்கு வெளியே தெரிந்த நகங்கள் தேய்ந்து ரத்தம் கட்டியிருந்தன.

"ரெண்டு நாளு அண்ணாச்சி. பாத்திரத்துக்கு அடியில பாத்தேன், மூட்டைக்குள்ள பாத்தேன், செவுத்து ஓட்டையில குச்சியை விட்டுப் பாத்தேன். அது உங்க போனுக்குள்ளயா இருந்துச்சு?"

கோமதிநாயகம் போனைக் கவிழ்த்துப் பிடித்தார்.

"அழிச்சுடுதேன்" என்றார். "இந்தா, இப்பவே அழிச்சுடுதேன்."

"எத்தனை பேரு எடுத்துட்டுப் போயிருக்காங்க?" சாமி கேட்டார்.

கோமதிநாயகம் பார்த்தார். "ரெண்டாயிரத்து நூத்துச் சொச்சம் ஷேர்."

"அத்தனை பேரு வீட்டுக்கும் போயி அழிப்பீரா?"

"நான் என்ன சாமி செய்ய? அந்த மூணு பேரும் விவரமாச் சொல்லியிருக்கலாம்லா? இந்த இடத்துல இப்படி இருக்குன்னு சொல்லவேண்டியதுதானே!"

"பிளாக் பண்ணினீரே."

கோபம் மட்டும் இருந்தது. யார்மேல் காட்டுவது என்று தெரியவில்லை. போன்மேல் காட்டினார். அப்படியே இலைக்கு முன்னால் உட்கார்ந்து, பழக்கமில்லாத இடது கட்டைவிரலால் எழுத ஆரம்பித்தார். குத்து குத்தென்று குத்தினார். நெற்றியில் வேர்த்தது. சுவர்க் கடிகாரத்தில் மணி நாலரை. மஞ்சள் பை இருந்த இடத்திலேயே இருந்தது.

சாமி சோற்றுக் குண்டானை மூடினார்.

"ஆச்சு!" கோமதிநாயகம் நிமிர்ந்தார். "எல்லாத்தையும் வெளங்கச் சொல்லிட்டேன் தாயி. கரப்பான் எங்கே கிடந்துச்சு, எங்கே கிடக்கல, எல்லாம் சொல்லிட்டேன். மன்னிப்பும் கேட்டுருக்கேன். பஸ்ஸுக்கு முன்னாடி ஊரே படிச்சுடும். இந்தா, போட்டுடுதேன்."

கட்டைவிரலை ஓங்கினார்.

"இருங்க" என்றாள் வெள்ளத்தாயி.

"என்ன தாயி?"

"சாப்பிட்டுப் பாத்தியளா?"

"சாப்பிட்டேனே. மூணு தடவை..."

பாதியில் நிறுத்தினார். அவள் இலையைப் பார்க்கவில்லை. அவர் கையிலிருந்த போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஓங்கிய விரல் மெல்ல இறங்கியது.

முதல் வரியிலிருந்து படித்தார். உதடு அசையப் படித்தார், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. முதல் வரி சரி. இரண்டாம் வரி சரி.

மூன்றாம் வரியில் கல் கடிபட்டது.