கண்ணாடிப் பக்கம் திரும்பி நின்றவள்

ஓசூரில் ஒரு வாடகை வீட்டின் கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. அதற்குள் ஆரஞ்சு நிற பிளாட்டி மீன் ஒருத்தியும், ஒரு நத்தையும், ஒரு கொத்து வேலம்பாசியும், இரவு பகலாகக் குமிழி விட்டுக்கொண்டிருக்கும் ஒரு ஃபில்டரும் குடியிருந்தார்கள். ஃபில்டர் ஓயாமல் பேசும். அதனாலேயே அதன் பேச்சை யாரும் காதில் வாங்குவதில்லை.

தொட்டிக்குச் சொந்தக்காரர் தாமோதரன். அவருக்கு அந்தத் தொட்டிமேல் உயிர். ஒருநாள் மைத்துனர் குடும்பம் விருந்துக்கு வருவதாகச் சேதி வந்தது. பாசி தொட்டியை அசிங்கமாகக் காட்டுகிறது என்று அவருக்குத் தோன்றியது. கையை விட்டு வேரோடு அள்ளி வெளியே போட்டார். தண்ணீர் பளிங்குபோல் ஆனது. விருந்துக்கு வந்தவர்கள் பாராட்டினார்கள். பிளாட்டிக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. நீந்துவதற்கு இடம் கிடைத்ததல்லவா?

மறுநாள் தாமோதரனும் அவர் மனைவி எழிலரசியும் தர்மபுரிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனார்கள். மூன்று நாள் தீனி இல்லாவிட்டால் மீன் செத்துவிடாது என்று தாமோதரன் சொன்னார். சாகவில்லைதான்.

மூன்றாம் நாள் காலையில் பிளாட்டிக்கு வயிறு இறுகி இறுகித் தளர்ந்தது. அதுதான் அவளுக்கு முதல் பிரசவம். என்ன நடக்கிறதென்றே அவளுக்குத் தெரியவில்லை. ஏதோ நோய் என்று நினைத்தாள். வலி அடங்கியதும் பசி முன்னைவிட அதிகமாக எரிந்தது. திரும்பிப் பார்த்தாள். கண்ணெதிரே பொடிப்பொடியாக ஏதேதோ துடித்துக்கொண்டிருந்தன. ஒன்றைக் கவ்வினாள். பிறகு இன்னொன்று. ஃபில்டர் ஏதோ கத்தியது. அது எப்போதும் கத்துவதுதான். துடித்தவை ஒளிவதற்கு இடம் தேடி ஓடின. வெறும் கண்ணாடியில் முட்டித் திரும்பி அவள் வாய்க்கே வந்தன. ருசியாகவும் இருந்தன. பின்னாளில் அவளை அதிகம் வாட்டியது அந்த ருசிதான்.

அன்று மத்தியானம் வீட்டுக்காரர்கள் திரும்பி வந்தார்கள். பையைக்கூடக் கீழே வைக்காமல் தாமோதரன் தொட்டியை எட்டிப் பார்த்தார். அப்போது அவள் இன்னொன்றை விழுங்கிக்கொண்டிருந்தாள்.

"சீ, தான் பெத்ததையே திங்குது பாரு. என்ன ஜென்மமோ" என்றார்.

எழிலரசி அருகே வந்து பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "சினை மீனு, பாசி அடர்த்தியா இருக்கணும்னு கடைக்காரர் சொல்லித்தானே குடுத்தாரு. புடுங்கிப் போட்டது நீங்க. பட்டினி போட்டுட்டுப் போனது நாம ரெண்டு பேரும். அதைப் போயி திட்டுறீங்களே."

தாமோதரன் பையைக் கீழே போட்டார். தீனி டப்பாவைத் திறந்தார். அவசரத்தில் பாதி தரையில் சிந்தியது.

அவர்கள் பேசியது பிளாட்டியின் காதிலும் விழுந்தது. அவள் நத்தையிடம் போனாள்.

"அவர் யாரைச் சொல்கிறார்?"

நத்தை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. அவள் விடவில்லை, மறுபடியும் கேட்டாள்.

"உன்னைத்தான். நீ தின்றது உன் பிள்ளைகளை."

"தெரிந்தும் நீ ஏன் சொல்லவில்லை?"

"எனக்கும் பசி" என்றது நத்தை, ஓட்டுக்குள் இருந்தபடியே. "உன் வாயிலிருந்து ஏதாவது சிந்தும் என்று கீழே காத்திருந்தேன்."

மேலே தீனி மிதந்தது. பிளாட்டி அதைத் தொடவில்லை. தொட்டியின் மூலைக்குப் போய், கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். சாயங்காலம்வரை ஃபில்டர் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. கடைசியில்தான் அது அவள் காதில் ஏறியது: "என் முதுகுக்குப் பின்னால் ஒன்று பிழைத்திருக்கிறது."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கப் பயந்தாள். பிள்ளையைக் கண்டு அல்ல, தன் வாயைக் கண்டு.

மறுநாள் விடிந்ததும் தாமோதரன் கடைக்குப் போய் இரண்டு கை நிறைய வேலம்பாசி வாங்கி வந்து தொட்டியில் போட்டார். பிழைத்த குஞ்சு அதற்குள் ஓடிப் புகுந்துகொண்டது. பாசிதான் அவளை வளர்த்தது. தீனித் துகள்கள் தன் கிளைகளில் தங்கும்படி பிடித்து வைத்துக் கொடுத்தது. சில வாரங்களில் குஞ்சு தாயின் நிறத்திலேயே ஒரு சின்னப் பெண்ணாக வெளியே வந்தாள்.

தாய் எப்போதும் மூலையில் நிற்பதை அவள் கவனித்தாள். ஒருநாள் அருகே போய், தன்னை ஏன் ஒருதரம்கூடப் பார்ப்பதில்லை என்று கேட்டாள். தனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாருமில்லையா என்றும் கேட்டாள்.

தாய்க்கு முன்னால் நத்தை முந்திக்கொண்டது. ஃபில்டர் இழுத்த இழுப்பில் எல்லாரும் போய்விட்டார்கள் என்றது. ஃபில்டர் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டு அந்தப் பழியை ஏற்றுக்கொண்டது.

"இல்லை. நான்தான் தின்றேன்" என்றாள் தாய். "இருபதுக்கு மேல் இருக்கும். எண்ணவில்லை."

மகள் பின்வாங்கினாள். தூரத்தில் போய் நின்றுகொண்டு சொன்னாள்: "நானாக இருந்தால் பசியில் செத்திருப்பேன். தின்றிருக்க மாட்டேன்."

மகள் சொன்னது நியாயம் என்றே தாய்க்குப் பட்டது.

அடுத்த மாதம் தாய்க்கு மறுபடி வயிறு இறுகியது. ஆண் மீனோடு ஒருமுறை சேர்ந்தாலே பல தடவை பெறும் இனம் அவளுடையது. இந்தத் தடவை அது என்னவென்று அவளுக்குத் தெரியும். பாசியின் நடுவில் போய்ப் பெற்றாள். உடனே மூலைக்கு வந்து கண்ணாடிப் பக்கம் திரும்பி நின்றுவிட்டாள். பிள்ளைகள் எத்தனை என்றுகூடப் பார்க்கவில்லை. அதற்கடுத்த பிரசவத்திலும் அப்படியே செய்தாள். குஞ்சுகள் பிழைத்தன, ஓரளவு வளர்ந்ததும் தாமோதரன் அவற்றைப் பெரிய தொட்டி வைத்திருந்த ஒரு நண்பருக்குக் கொடுத்தார். ஆனாலும் தாய்மீனைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு அன்று தன் வாயில் வந்த சொல் நினைவுக்கு வரும். தீனி போட்டுவிட்டுச் சீக்கிரம் நகர்ந்துவிடுவார்.

இரண்டு பிரசவங்களிலும் மகள்தான் பாசிக்கு வெளியே காவல் நின்றாள். தாய் சற்று அசைந்தாலும், "நீ இந்தப் பக்கம் வராதே" என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்வாள். தாய் அசைவதை நிறுத்திக்கொள்வாள்.

நான்காவது பிரசவம் வந்தபோது மகள் முழுதாக வளர்ந்திருந்தாள். அன்று காலைதான் தாமோதரன் தாராளமாகத் தீனி போட்டிருந்தார். மகளுக்கு வயிறு நிறைந்திருந்தது. வழக்கம்போல் காவல் நின்றாள். குஞ்சுகள் ஒவ்வொன்றாகப் பாசிக்குள் புகுந்துகொண்டன. ஒன்று மட்டும் வழி தவறி வெளியே வந்தது. அவள் மூக்குக்கு நேரே துடித்தது.

அவள் எதுவும் நினைக்கவில்லை. நினைப்பதற்குள் வாய் திறந்து மூடிவிட்டது.

தொண்டைக்குள் அது ஒருமுறை அசைந்தது. அதன் பிறகு அசையவில்லை.

ஃபில்டர் பார்த்தது. நத்தை பார்த்தது. இருவரும் வாய் திறக்கவில்லை. தாய் மட்டும்தான் பார்க்கவில்லை. அவள் முகம் கண்ணாடிப் பக்கம் இருந்தது.

மகள் பாசியைவிட்டு விலகி வெகுநேரம் நடுத்தண்ணீரில் நின்றாள். பிறகு மெல்ல நீந்தி மூலைக்கு வந்தாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அதே வாய்தான் என்று நினைவு வந்ததும் மூடிக்கொண்டாள்.

தாய் எதுவும் கேட்கவில்லை. இன்னொருத்தி நிற்பதற்கு இடம் விட்டுக் கொஞ்சம் நகர்ந்துகொண்டாள்.