மூன்று குடம் பச்சைத் தண்ணீர்

முன்னொரு காலத்தில், மேகம் படியேறி வந்து வாசலில் உட்காரும் வெண்கூடல் மலைநாட்டில், தூமணி என்றொரு பெண் இருந்தாள். அவளுக்குத் தாண்டவன் என்றொரு புருஷன் இருந்தான். இரண்டு பேருக்கும் சேர்த்து, வீட்டைச் சுற்றி ஒரு தோட்டம் இருந்தது. தோட்ட வேலையில் பாதியைத் தூமணி செய்வாள். மிச்சப் பாதியையும் அவளே செய்வாள். தாண்டவன் கெட்டவன் இல்லை, கேட்டுக்கொள்ளுங்கள். வாய்தான் கொஞ்சம் நீளம்.

ஐப்பசி கடைசியில், வெயிலே இல்லாத ஒரு நாள், வேலிப் படலுக்கு வெளியே ஒரு நெட்டை மனிதன் வந்து நின்றான். தலை வெள்ளை, தாடி வெள்ளை, மூக்கு மட்டும் கண்ணாடி மாதிரி. மூக்கு நுனியில் ஒரு சொட்டு நீர் தொங்கியது, விழவே இல்லை.

"குளிர்காலம் வருதே, தோட்டத்தை மூடி வைக்கலையா?" என்று கேட்டான்.

"பனியாவது கினியாவது!" என்றான் தாண்டவன். "வந்தா ஒரு தும்மல் தும்மித் துரத்திவிடுவேன். நீ உன் மூக்கைத் துடைச்சுக்கிட்டுப் போய்யா."

வந்தவன் யார் தெரியுமா? ஏழு மலைக்கும் குளிரைக் கொண்டுவரும் மந்திரவாதி பனிமூக்கன்! அவன் மூக்கைச் சுண்டினான். சொட்டு பறந்துபோய்த் தாண்டவன் தலையில் விழுந்தது. தாண்டவன் நின்ற இடத்தில் ஒரு வாழைக்கன்று நின்றது. அதில் மூன்றே மூன்று இலை.

மண் அப்பிய கையோடு தூமணி ஓடிவந்தாள். "என் புருஷன் எங்கே?"

"நான்தான்டி இது" என்று வாழைக்கன்று அழுதது. "குளுருதுடி!"

பனிமூக்கன் சிரித்தான். "தை முதல் நாள் சூரியன் இவன்மேல் படும்போது ஒரே ஒரு இலை பச்சையாக இருந்தால் இவன் மனுஷன். இல்லையென்றால் கருகிய கட்டை. அதற்குள் மூன்று தடவை வருவேன். ஒரு நியாயம் மட்டும் வைத்துக்கொள்வோம் அம்மணி. தோட்டத்தில் விட்டு வைத்தது எனக்கு, எடுத்து வைத்தது உனக்கு. நீ விட்டு வைக்கும் ஒவ்வொன்றும் என் கையில் ஆயுதம்."

பக்கத்து மலையில் ஒரு தவில்காரரை இவன் கத்தரிச்செடியாக்கிய கதை அவளுக்குத் தெரியும். அந்த வீட்டார் பாசம் பொறுக்காமல் செடியின் பக்கத்திலேயே நெருப்பு மூட்டினார்கள். இலை வெந்தே போனது. இன்றைக்கும் அங்கே கறுத்த கட்டை ஒன்று நிற்கிறது.

ஆனாலும் அவள் முந்தானையை இடுப்பில் செருகினாள். "வாழைக்கன்று ஆனா என்ன, அவர் என் வாழைக்கன்று. விடமாட்டேன்" என்றாள்.

அன்று தொடங்கிய வேலை! இஞ்சியையும் மஞ்சளையும் தோண்டி உள்ளே சேர்த்தாள். அழுகிய இலைகளை அள்ளிக் குழியில் போட்டாள். காய்ந்த சருகை வாழையின் காலடியில் முழங்கால் உயரத்துக்குக் குவித்தாள். தொட்டிச் செடிகளை அடுப்படிச் சுவரோரம் நகர்த்தினாள். மண்வெட்டி, கடப்பாரை, களைக்கொத்து எல்லாம் கழுவித் துடைத்து எண்ணெய் பூசி உள்ளே போயின. காட்டுக்குப் போய் இலையோடு மெல்லிய கிளைகளாக மிலாறு வெட்டிச் சுமந்து வந்து, பாத்தி பாத்தியாக அதைப் போர்த்தினாள். வாழைக்கு மட்டும் தண்டில் வைக்கோல் சுற்றி, மேலே மிலாற்றால் ஒரு குடிசையே கட்டினாள்.

வாழை சும்மா இருக்குமா? "காஞ்ச மட்டையெல்லாம் தொங்குது, அசிங்கமா இருக்கு. வெட்டிவிடேன்."

"அது உங்க கம்பளி, மாமா. வாயை மூடிக்கிட்டு நில்லுங்க."

கார்த்திகை நடுவில், விடியும் நேரத்தில் பனிமூக்கன் முதல் தடவை வந்தான். "விட்டு வைத்தது எனக்கு, எடுத்து வைத்தது உனக்கு" என்று பாடிக்கொண்டே தேடினான். அவரைப் பந்தலுக்குப் பின்னால் ஒரு பானை நிறையத் தண்ணீர்! மூக்கைச் சுண்டினான். தண்ணீர் உறைந்தது, பானை வெடித்தது, ஓடு பறந்துபோய் ஓர் இலையை அடியோடு அறுத்தது.

"பானையை யாரு அங்க வச்சது?" என்று தலையில் கைவைத்தாள் தூமணி.

"நான்தான். கை கழுவ வச்சேன். ஆடி மாசத்துல" என்றது வாழை.

தூமணி வீட்டிலிருந்த பானை, குடம், தொட்டி எல்லாவற்றையும் காலி செய்து கவிழ்த்தாள்.

மார்கழி பிறந்ததும் இரண்டாம் தடவை வந்தான். "விட்டு வைத்தது எனக்கு, எடுத்து வைத்தது உனக்கு." படலைக் கட்டிய கயிறு பழசு. மாற்ற வேண்டும் என்று தூமணி நினைத்திருந்தாள், நினைத்ததோடு சரி. பனிமூக்கன் ஊதினான். கயிறு அறுந்தது, படல் திறந்தது, காற்று புகுந்து மிலாற்றுக் குடிசையின் ஒரு பக்கத்தைத் தூக்கிக்கொண்டு போனது. ஓர் இலை உப்புத் தூவியதுபோல் வெளுத்து நின்றது. வெயில் ஏறியதும் கறுத்துச் சுருண்டது. இனி ஒரே ஓர் இலை.

தூமணி அன்றைக்கு வாய்விட்டு அழுதாள். தன்மேலேயே அவளுக்கு அப்படிக் கோபம். அழுதுகொண்டே தோட்டத்தைச் சுற்றியவள் சட்டென்று நின்றாள். கிழக்கு வேலியில் ஓர் அவரைக்கொடி, அடுப்படிக்குப் பின்னால் ஓர் அவரைக்கொடி. இரண்டின் மேலும் மூடலில்லை, இரண்டின் மேலும் ஒரே பனி. வேலியில் இருந்தது கருகிவிட்டது. அடுப்படிக் கொடியோ பச்சைப்பசேல் என்று நின்றது!

அந்தக் கொடிக்கு அவள் என்ன செய்தாள்? ஒன்றுமில்லை. தினமும் விடியுமுன் பாத்திரம் கழுவிய தண்ணீரை ஜன்னல் வழியே அதன்மேல் வீசுவாள், அவ்வளவுதான்.

"அப்படின்னா கொல்றது பனி இல்லை. பனி ஒட்டியிருக்கும்போதே வெயில் படுதே, அதுதான் கொல்லுது" என்று தனக்குள் சொல்லிப் பார்த்தாள். ஒரே ஒரு கொடியை வைத்து எப்படி நிச்சயம் என்பது? யாரிடமும் சொல்லாமல் மனசில் வைத்துக்கொண்டாள். புதுக் கயிறு திரித்துப் படலைக் கட்டினாள், பிய்ந்த குடிசையையும் மறுபடி மூடினாள். பொழுது சாயுமுன் தோட்டத்தில் கிடக்கும் ஒவ்வொன்றையும் கையால் தொட்டுப் பார்த்தாள். ஒரு நாள் தவறவில்லை.

தை முதல் நாள் விடியலில் பனிமூக்கன் மூன்றாம் தடவை வந்தான். பானையைத் தேடினான், கவிழ்ந்திருந்தது. படலை இழுத்தான், அசையவில்லை. மண்வெட்டி, கூடை, கயிறு எதுவும் இல்லை. எரிச்சலில் ஏழு மலைக் குளிரையும் ஒரே மூச்சாக இழுத்து ஊதினான். தூமணி ஓடிவந்து மூடலை விலக்கினாள். உள்ளே கடைசி இலை வெள்ளைவெளேர் என்று உறைந்திருந்தது.

"தூமணி, செத்தேன்டி!" என்று முனகியது வாழை.

பனிமூக்கன் தோட்டத்தின் மேற்கு மதில்மேல் ஏறிக் கிழக்கே பார்த்து உட்கார்ந்தான். குரலில் தேன் வழிந்தது. "பாவம்! இதோ ஒரு சட்டி தணல் தருகிறேன், பக்கத்தில் வை. வேண்டாமா? பேசாமல் நில், வெயில் வந்து சூடாக்கும்."

"வாங்கிக்கடி! தணலை வாங்கிக்கடி!"

தூமணி குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்கு ஓடினாள். பல் கிட்டும் பச்சைத் தண்ணீரை மொண்டு வந்து, இலைமேல் மெல்ல ஊற்றினாள்.

"அடி பாவி! கொலைகாரி!" என்று அலறியது வாழை.

இரண்டாவது குடம். "உன்னைக் கட்டினதுக்குக் கிணத்துல விழுந்திருக்கலாம்! கல்நெஞ்சுக்காரி!"

மூன்றாவது குடம். வாழை பேசவில்லை.

ஆனாலும் தூமணி நிறுத்தவில்லை. கடைசிச் சொட்டுவரை ஊற்றினாள். வெள்ளை கரைந்து வழிந்தது. அப்போது மலைமுகட்டில் சூரியன் எட்டிப் பார்த்தான். இலை கருகுவதைப் பார்த்தே தீரவேண்டும் என்ற ஆசையில், வெயில் பட்டால் தானும் உருகிவிடுவோம், அதற்கு முன் ஓடிவிட வேண்டும் என்பதையே பனிமூக்கன் மறந்துபோனான். வெயில் இலைமேல் பட்டது. இலை பச்சை! அதே வெயில் அவன்மேலும் பட்டது. முதலில் மூக்கு விழுந்தது, பிறகு தாடி, பிறகு ஆள். எல்லாம் நீராகி மதிலில் வழிந்து, அதன் ஓரத்தில் தூமணி போட்டிருந்த பூண்டுப் பாத்திக்குப் பாய்ந்தது. பக்கத்து மலையில் கறுத்த கட்டை துளிர்த்து, தவில்காரர் சோம்பல் முறித்து எழுந்தார்.

இங்கே வாழை நின்ற இடத்தில் தாண்டவன், சொட்டச் சொட்ட நனைந்து, பல் தந்தியடிக்க நின்றான். தூமணி கம்பளியைக் கொண்டுவந்து அவனை இறுக்கிச் சுற்றினாள்.

"மூணு குடம்! நான் பிழைச்சுக்குவேன்னு உனக்கு நிச்சயமாத் தெரியுமா?" என்று கேட்டான்.

"தெரியாது மாமா."

"தெரியாமலா ஊத்துன?"

"நீங்க திட்டத் திட்டத்தான் தைரியம் வந்துச்சு. திட்டுறீங்கன்னா உசுரு இருக்குன்னுதானே அர்த்தம்? மூணாவது குடத்துல நீங்க பேசலை. அப்போ நான்தான் செத்துப்போனேன்" என்று சொல்லி, ஓவென்று அழுதாள்.

தாண்டவன் கம்பளியில் பாதியை எடுத்து அவள் தோளில் போட்டான்.

அந்த வருஷம் பூண்டு ஒவ்வொன்றும் கைப்பிடி அளவு. அவர்களுக்கு அங்கே பூண்டு விளைந்தது. நமக்கு இங்கே கதை விளைந்தது.