முதல் போல்ட்டுக்கு வந்த முதலாளி

தூத்துக்குடிக் கடலில் காற்றாலை நட வந்த கப்பல் அலையில் பேயாட்டம் ஆடியது. இப்போது கிரேனில் இறக்கையைத் தூக்கினால், அதைப் போல்ட் போட்டு மாட்டக் காற்றாலைக் கோபுரத்து உச்சியில் நிற்பவர்கள் நசுங்கிச் சாவார்கள் என்றார் கேப்டன். கரையில் ஏசி அறையில் உட்கார்ந்திருந்த முதலாளி பரந்தாமனுக்கு அதெல்லாம் காதில் ஏறுமா? "நல்ல நேரம் முடியறதுக்குள்ள மாட்டியாகணும். பயந்தாங்கொள்ளிங்க வீட்டுக்குப் போகலாம்!" என்று வயர்லெஸ்ஸில் கத்தினார்.

கப்பல் சமையல்காரர் அமலதாஸ் மைக்கை வாங்கினார். "முதல் போல்ட்டை உங்க கையாலதான் முடுக்கணும், ஐயா. போட்டோ எடுத்துப் பேப்பர்ல போடலாம்."

போட்டோ என்றதும் பரந்தாமன் படகேறி வந்துவிட்டார். கப்பலின் ஏணியருகே படகு தூக்கித் தூக்கிப் போட்டது. கால் வைக்கப் போனவர் படகுக் கம்பியைக் கட்டிக்கொண்டு அலறினார்: "இந்த அலையில எவன்டா ஏறுவான்? ஆளைக் கொல்லப் பாக்குறீங்களா? நிறுத்துங்கடா!"

அமலதாஸ் திரும்பினார். "கேட்டீங்களா கேப்டன்? முதலாளி உத்தரவு. மேல நிக்கிற புள்ளைங்கள இறக்குங்க."