ஏரிப்பட்டு விதை வாரியத்தார் தட்டைப் பங்கு போட்டது

ஏரிப்பட்டு விதை வாரியத்தில் மூன்று அதிகாரிகள். மூவருக்கும் பொதுவாக ஒரு மூளை அனுமதிக்கப்பட்டிருந்தது. அந்த இடம் பல வருஷமாக நிரப்பப்படவில்லை. இயக்குநர் திருவேங்கடம் கையெழுத்துப் போடுவார். எங்கே போடுவது என்று கண்காணிப்பாளர் சந்தானம் விரலால் காட்டுவார். கணிப்பொறிப் பிரிவின் தலைவி லோகநாயகி அம்மாள், அந்த அறையின் சாவியை வைத்திருப்பார்.

செங்கேணி அங்கே தினக்கூலி. பதினான்கு வருஷமாக மூட்டை தூக்கினார், கணிப்பொறி அறையைக் கூட்டினார், அங்கே யாரும் செய்யாத வேலையையும் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டு செய்தார். அவரையும் சேர்த்து அப்படி இருநூற்றுப் பன்னிரண்டு பேர். இரண்டு தடியடி, ஒரு சிறைவாசம், நாற்பது நாள் பட்டினி என்று எல்லாம் பார்த்துவிட்டு, அத்தனை பேரையும் நிரந்தரமாக்கும் அரசாணையை வாங்கியிருந்தார்கள். பெயர்ப் பட்டியல் முப்பத்தொன்றாம் தேதிக்குள் தலைநகர் போய்ச் சேர வேண்டும். தவறினால் ஆணை காலாவதி.

பட்டியல் கணிப்பொறிக்குள் இருந்தது. இரும்பு பீரோ உயரத்துக்கு ஒரு பெட்டி. அதன் பக்கத்தில் தோசைக்கல் அடுக்கியதுபோல் சுழலும் தட்டு. எல்லாம் அந்தத் தட்டில்தான். கணிப்பொறி வந்த பிறகு காகிதம் எதற்கு என்று, மூலத்தாளை லோகநாயகி அம்மாள் முறைப்படி கிழித்திருந்தார்.

இருபத்தொன்பதாம் தேதி அச்சடிக்கப் போனால், தட்டில் இடமில்லை என்று இயந்திரம் மறுத்துவிட்டது. நெல் ரகக் கணக்கு அத்தனை இடத்தையும் அடைத்துக்கொண்டிருந்தது. மெக்கானிக் வந்து பார்த்தார். தட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்தால் ஒரு பிரிவு இன்னொன்றின் இடத்தைத் தின்னாது என்றார். மூன்று வரி எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறிவிட்டார்.

முதல் வரி: 'பிரிப்பதற்கு முன் பிரதி எடுக்கவும்.'

"எதைப் பிரதி எடுக்கணும்னு போடலையே?" என்றார் லோகநாயகி.

"கையில எது இருக்கோ அதை" என்றார் சந்தானம்.

கையில் இருந்தது மெக்கானிக்கின் தாள். அதை ஐந்து பிரதி எடுத்து, ஐந்திலும் முத்திரை குத்தி, பீரோவில் வைத்துப் பூட்டினார்கள்.

"ஐயா, தட்டுல இருக்கிறதைத்தான் டேப்புல எடுக்கச் சொல்றாரு" என்றார் செங்கேணி.

"எழுதியிருக்கா?"

"எழுதலைங்க."

"அப்போ?"

இரண்டாம் வரி: 'பிரிக்கும்போது உள்ளே யாரும் இருக்கக் கூடாது.' வேறு யாரும் இயந்திரத்தில் வேலை செய்துகொண்டிருக்கக் கூடாது என்பது அதற்கு அர்த்தம். மூவரும் அறையைவிட்டு வெளியே வந்து வராந்தாவில் நின்றார்கள். கால் மணி நேரம் நின்றார்கள். தட்டு தானாகப் பிரியவில்லை.

"யாராவது உள்ள போய் விசையைத் தட்டணும் சார்" என்றார் லோகநாயகி.

"யாரும் இருக்கக் கூடாதுன்னு எழுத்துல இருக்கே அம்மா!" என்றார் சந்தானம்.

இயக்குநர் கண்ணை மூடி யோசித்தார். "வருகைப் பதிவேட்டுல பேர் இல்லாத ஆள் யாரு?"

"செங்கேணி, சார். தினக்கூலிக்குப் பதிவேடு கிடையாது."

"அவன் உள்ள இருந்தா, உள்ள யாரும் இல்லை. போப்பா."

பதினான்கு வருஷம் உழைத்த மனிதர், யாரும் இல்லாதவராக உள்ளே போய் உட்கார்ந்தார். ஜன்னல் கம்பிக்கு வெளியே மூன்று முகங்கள். பங்கீடு தொடங்கியது.

"பதவி வாரியாப் பிரி" என்றார் இயக்குநர். "எனக்கு முதல் பங்கு."

"உங்க கோப்பு எவ்வளவு இருக்குங்க?"

"ஒரு வரவேற்புரை. ஆனா பதவி பெருசு."

அப்போதுதான் சந்தானம் மூன்றாம் வரியைப் படித்தார்: 'முழுத் தட்டையும் குறிக்கும் பகுதி ஒன்று உண்டு. அதை யாருக்கும் கொடுக்கக் கூடாது.'

இயக்குநரின் முகம் மலர்ந்தது. "முழுத் தட்டா? அதுதான் எனக்கு."

"கொடுக்கக் கூடாதாம் சார்."

"நீங்க யாரும் கொடுக்க வேண்டாம். நானே எடுத்துக்கறேன்."

செங்கேணி ஜன்னல் பக்கம் திரும்பினார். "ஐயா, முழுசும் உங்களுதுன்னா மத்தவங்களுது எங்க இருக்கும்?"

"இப்போ எங்க இருக்கு? எனக்குக் கீழதானே? அங்கேயே இருக்கட்டும். குடி போறதுக்கு முன்னால என் பகுதியைச் சுத்தம் பண்ணு."

"சுத்தம் பண்ணினா எல்லாம் போயிடுமுங்க! எங்க பட்டியலும் போயிடும்! அழிக்கவா, வேண்டாமான்னு மிஷினே கேக்குது பாருங்க!"

"இயந்திரம் என்னைக் கேள்வி கேக்குதா? ஆமாம்னு தட்டு."

"மாட்டேங்க" என்று செங்கேணி கையைக் கட்டிக்கொண்டார்.

இயக்குநர் குடையை எடுத்தார். ஜன்னல் கம்பிக்குள் நீட்டி, நுனியால் விசையை எட்டித் தட்டினார். உடம்பு வெளியே, குடை உள்ளே. ஆகவே விதி மீறப்படவில்லை என்று சந்தானம் குறிப்பு எழுதினார்.

தட்டு ஒரு மணி நேரம் உறுமிவிட்டு அடங்கியது. வாரியமே துடைத்தெடுத்தாற்போல் சுத்தமாகிவிட்டது.

மறுநாள் காலை தலைநகரிலிருந்து தந்தி: 'பட்டியல் எங்கே?' அதிகாரிகளுக்குக் குற்றவாளி ஒருவர் அவசரமாகத் தேவைப்பட்டார்.

"செங்கேணியைத் தற்காலிக நீக்கம் செஞ்சிடலாம்" என்றார் இயக்குநர்.

"முடியாது சார்" என்றார் சந்தானம். "தற்காலிக ஆளைத் தற்காலிகமா நீக்க விதி இல்லை. நிரந்தர ஊழியரைத்தான் நீக்கலாம்."

"அப்போ முதல்ல நிரந்தரமாக்கு. அரசாணைக்கு இன்னும் ஒரு நாள் உயிர் இருக்கே?"

பதினான்கு வருஷத்தில் நடக்காதது பத்து நிமிஷத்தில் நடந்தது. ஆணையைக் கையில் வாங்கிய செங்கேணி நேரே தொழிலாளர் சங்கக் கொட்டகைக்கு ஓடினார்.

முப்பத்தொன்றாம் தேதி காலை, இருநூற்றுப் பதினோரு பேர் வாசலில் வரிசை கட்டி நின்றார்கள். ஆளுக்கொரு மனு. எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: 'தட்டை அழித்தது நான்தான்.'

"அந்த அறையில நாலு பேருக்கு மேல நிக்க முடியாதே சார்" என்றார் லோகநாயகி.

"குற்றத்தோட அளவைப் பாருங்கம்மா" என்றார் இயக்குநர். "ஒரு ஆள் செய்யக்கூடிய காரியமா இது? ஒருத்தனையும் விடாதீங்க!"

மதியத்துக்குள் அத்தனை பேரும் நிரந்தரம் ஆனார்கள். 'பட்டியல் எங்கே?' என்ற கேள்விக்குப் பதிலாக, குற்றவாளிகள் பட்டியல் என்ற தலைப்பில் இருநூற்றுப் பன்னிரண்டு பெயரும் பொழுது சாய்வதற்கு முன்பே தந்தியில் தலைநகர் போய்ச் சேர்ந்தன.

அடுத்த நாள் நீக்க உத்தரவுகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கொண்டுபோகிற ஆட்கள் எல்லோரும் நீக்கப்பட்டவர்கள். அதிகாரிகள் மூவரும் கதவைச் சாத்திக்கொண்டு விவாதித்தார்கள். கடைசியில், நீக்கப்பட்டவர்களையே தினக்கூலிக்கு எடுத்து, அவரவர் உத்தரவை அவரவர் கையில் கொடுத்தனுப்பினார்கள்.

செங்கேணி தன் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினார். "செங்கேணிங்கிறவரு இருக்காருங்களா? ஆபீசு உத்தரவு வந்திருக்கு. அவர் கையிலதான் கொடுக்கணும்."

அவர் மனைவி அமிர்தம் கதவைத் திறந்து, அவரை மேலும் கீழும் பார்த்தாள். "அவரு வேலைக்குப் போயிருக்காருங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல வந்து பாருங்க."

செங்கேணி அதையே வந்து சந்தானத்திடம் சொன்னார்.

"ஆறு மணிக்கு மேல உனக்கு வேலை நேரம் இல்லையே" என்று சந்தானம் மோவாயைத் தடவினார். "நாளைக்குக் காலையில ஒரு தடவை போய்ப் பாரு. அந்த ஆளு வீட்டுல மாட்டாமலா போயிடுவான்?"