ஊர்நாளில் வெளியே போன ஊர்

முன்னொரு காலத்திலே ஆம்பல்கோட்டை என்ற நகரத்தைக் கோதண்டபூபதி என்ற ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் கடைசியாக யார் பேசினார்களோ, அவர்கள் சொன்னதே சரி என்று நினைப்பவர். அதனால் அரண்மனையில் எல்லோரும் கடைசியாகப் பேசவே காத்துக்கிடப்பார்கள்.

அந்த நகரத்தில் வருஷத்துக்கு ஒருமுறை ஊர்நாள் வரும். “எங்கள் ஏரி போல ஏரி உண்டா, எங்கள் கத்தரிக்காய் போலக் காய் உண்டா” என்று தெருவுக்குத் தெரு பெருமை பாடுவார்கள். சதுக்கத்தில் அண்டா அண்டாவாகப் பொங்கல் வேகும். ஊருக்கு நல்லது செய்த ஒருவருக்கு முதல் அகப்பைப் பொங்கலை ராஜாவே பரிமாறுவார்.

அந்த வருஷம் அது மந்திரி மாறநம்பிக்கு என்று முடிவாகியிருந்தது. வெள்ளத்தில் ஏரிக்கரை உடையாமல் காத்தவர் அவர். இளவயதில் பிழைப்புத் தேடி இந்த ஊருக்கு வந்தவர். மந்திரியான பிறகும் சந்தையில் அவரை “அந்த வெளியூர்க்காரர்” என்றுதான் சொன்னார்கள். அந்த ஓர் அகப்பை இலையில் விழுந்துவிட்டால் தானும் இந்த ஊர்க்காரன் என்று அவருக்குள் ஒரு ஆசை. யாரிடமும் சொன்னதில்லை.

தளவாய் உக்கிரபாகுவுக்கு இது பொறுக்கவில்லை. சபை கலையும் நேரம் பார்த்து எழுந்தார்.

“அரசே, ஊர்நாளின் முதல் அகப்பை ஒரு வந்தேறிக்கா? நாளைக்கு நம் ஏரியையும் தன்னூர் ஏரி என்பார்! ஊர்நாளன்று கோட்டைக்குள் அசல் ஊர்க்காரர்கள் மட்டுமே இருக்க வேண்டும்.”

“அட, சரிதானே!” என்றார் ராஜா. “வெளியூரார் எல்லோரும் வெளியே போகட்டும். திரும்ப உள்ளே விடுவதா வேண்டாமா என்பதைப் பொங்கல் தின்றபின் யோசிக்கலாம்.”

மாறநம்பிக்குத் தன் வீடு, வாசல், நட்ட முருங்கை எல்லாம் ஒரு நொடியில் கண்முன் வந்துபோயின. ஆனாலும் பணிவாகவே கேட்டார்: “தளவாயாரே, எனக்கு ஒரு தெளிவு வேண்டும். வாழ்ந்த காலம் கணக்கா, பிறந்த ஊர் கணக்கா?”

“பிறந்த ஊர்தான்!”

“ஆண், பெண்?”

“இருவருக்கும் ஒரே சட்டம்.”

“பெரிய பதவியில் இருந்தால்?”

“ராஜாவே ஆனாலும் சட்டம் சட்டம்தான்!” என்று மீசையை முறுக்கினார் தளவாய். ராஜா கைதட்டினார்.

ஊர்நாள் விடிந்தது. மாறநம்பி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு முதல் ஆளாக வெளியேறினார். வாசலில் நின்ற தளவாயிடம், “சோதனையை உங்கள் வீட்டிலிருந்தே தொடங்கலாமே” என்று சொல்லிவிட்டுப் போனார்.

சொல்லி வாய் மூடவில்லை, தளவாயின் மனைவி இடுப்பில் குடமும் தலையில் அண்டாவுமாக வந்து நின்றாள்.

“நீ எங்கே கிளம்பினாய்?”

“என்னை இந்த ஊரே மருதங்குளத்தாள் என்றுதானே கூப்பிடுகிறது? மருதங்குளம் கோட்டைக்குள்ளேயா இருக்கிறது? வழிவிடுங்கள். அண்டா என் அப்பா கொடுத்த சீர். பேர் வெட்டியிருக்கிறது, பாருங்கள்.”

அவளுக்குப் பின்னால் தெருவே நின்றது. ஆம்பல்கோட்டையில் ஒரே ஏரித் தண்ணீர் குடித்தவர்கள் அண்ணன் தங்கை முறை. உள்ளூருக்குள் பெண் கொடுப்பதும் இல்லை, எடுப்பதும் இல்லை. வாழவந்த பெண்கள் அத்தனை பேரும் வெளியூர்! பனையூராள், கல்லணையாள், புங்கம்பட்டியாள் என்று வரிசை நீண்டது. கடைசியில் பல்லக்கில் மகாராணி, அவருக்குப் பின்னால் ராஜமாதா.

“ஆணையை மீறலாமா, தளவாய்?” என்று கேட்டுக்கொண்டே போனார் ராஜமாதா.

நடுப்பகல் ஆயிற்று. சதுக்கத்தில் ஆண்கள் பொங்கிய பொங்கல் மேலே அரிசியாகவும் அடியில் கரியாகவும் இருந்தது. மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து நெய்யும் ஏலக்காயும் மணந்தன. குலவைச் சத்தம் வேறு. ராஜா மூக்கைப் பின்தொடர்ந்து, கோட்டைக் கதவில் ஆள் குனிந்து நுழையும் சின்னத் திட்டிவாசலுக்கே வந்துவிட்டார்.

“மந்திரி! வழிவிடச் சொல்லும். நான் வெளியே வர வேண்டும்.”

“இங்கே வெளியூராருக்கு மட்டும்தான் இடம், அரசே. தாங்கள் அசல்.”

“நான் ராஜாவய்யா!”

“ராஜாவே ஆனாலும் சட்டம் சட்டம்தான் என்று தளவாயார் சொன்னபோது கைதட்டினீர்களே.”

ராஜாவின் முகம் சுண்டிப்போனது. அப்போது ராஜமாதா வாசலருகே வந்தார்.

“ஏண்டா கோதண்டம், தலைச்சன் பிள்ளையை எவளாவது புகுந்த வீட்டில் பெறுவாளா? நீ பிறந்தது என் அம்மா வீட்டில், வேங்கைக்குறிச்சியில். தூளியோடுதான் உன்னை இந்த ஊருக்குத் தூக்கிவந்தேன்.”

“அப்படியானால் நான் வெளியூரான்! நான் வெளியூரான்!” என்று கூவிக்கொண்டே ராஜா கிரீடம் இடிக்க, குனிந்து வெளியே பாய்ந்தார். “நானும் தலைச்சன்!”, “நானும்!” என்று ஊரில் பாதி ஆண்கள் பின்னாலேயே முண்டியடித்தார்கள். கூட்டத்தின் கடைசியில் தளவாய் மெல்ல முனகினார்: “நானும் தலைச்சன்தான்…”

“தெரியும்” என்றாள் மருதங்குளத்தாள். “பெண் பார்க்க வந்தபோதே என் மாமியார் சொல்லிவிட்டார்.”

ராஜா வெட்கத்தோடு அகப்பையை எடுத்தார். முதல் பொங்கலை மாறநம்பியின் இலையில் வைத்தார். மந்திரிக்குக் கண் கலங்கியது. புகை என்று சொல்லித் துடைத்துக்கொண்டார்.

தின்று முடித்ததும் ராஜா, “யோசித்தாயிற்று! எல்லோரும் உள்ளே வாருங்கள்” என்றார்.

ஒருத்தியும் அசையவில்லை. மகாராணி சொன்னார்: “நாங்கள் முதல்முறை இந்த ஊருக்குள் வந்தபோது ஆரத்தி எடுத்துத்தான் அழைத்தீர்கள். போகச் சொன்னவரே இன்றைக்கும் அழைக்கட்டும்.”

ராஜா தளவாயைப் பார்த்தார். தளவாய் ஆரத்தித் தட்டைப் பார்த்தார். வேறு வழி? மஞ்சள் நீரில் சுண்ணாம்பைக் கரைத்து, வாசலில் நின்று, ஒவ்வொருத்திக்கும் “வலது காலை எடுத்து வைத்து வாருங்கள், தாயே” என்று சுற்றினார், சுற்றினார், சுற்றிக்கொண்டே இருந்தார். மீசை தொங்கிவிட்டது. வெயில் சாய்ந்தபோது கடைசிப் பெண்ணும் உள்ளே போனாள். அப்பாடா என்று தட்டைக் கீழே வைக்கப் போனார்.

எதிரே மூட்டையோடு மந்திரி மாறநம்பி, புதுப்பெண் போலத் தலையைக் குனிந்து, வலது காலைத் தூக்கியபடி காத்துக்கொண்டிருந்தார்.