மாலு அடைத்த மடை

மாலு என்கிற தாழைக்கோழிக்கு ஐந்து குஞ்சுகள் இருந்தன, ஒரு சேப்பங்கிழங்கு வயலும் இருந்தது. இந்த இரண்டையும் நினைத்துக் கவலைப்படுவதுதான் காலையிலிருந்து சாயங்காலம் வரை அவளுக்கு வேலை. குஞ்சு தும்மினால் கவலை. தும்மாவிட்டால், ஏன் இன்னும் தும்மவில்லை என்று கவலை. அப்படி ஒரு பிறவி!

அவள் இருந்தது பசிபிக் பெருங்கடலின் நடுவே ஒரு சின்னத் தீவில். அங்கே மலையிலிருந்து ஓர் ஓடை இறங்கும். ஓடையிலிருந்து ஒரு வாய்க்கால் பிரியும். அந்த வாய்க்காலின் தண்ணீரில் மூன்று வயல்கள், படிக்கட்டு போல ஒன்றுக்குக் கீழ் ஒன்று. மேல் வயல் கேயோலா என்ற பன்றியுடையது. நடு வயல் மாலுவுடையது. கீழ் வயல் இலிமா என்ற வாத்துடையது.

பார்வைக்கு நெல் வயல் போலத்தான் இருக்கும். ஆனால் இங்கே தண்ணீர் தேங்கி நிற்கக் கூடாது. மேல் மடையில் நுழைந்து, செடிகளின் காலைக் குளுகுளுவென்று நனைத்து, கீழ் மடை வழியாக அடுத்த வயலுக்குப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். கடைசி வயலைத் தாண்டி மறுபடியும் ஓடையிலேயே சேர வேண்டும். மேல் மடையை அவரவர் தேவைக்குத் திறக்கலாம், மூடலாம். கீழ் மடையை மட்டும் யாரும் தொடுவதில்லை. இதை யாரும் எழுதி வைக்கவில்லை. யாரும் மீறியதும் இல்லை.

அந்தத் தீவின் சேம்பு முற்ற ஏறக்குறைய ஒரு வருடம் பிடிக்கும். கிழங்கைச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொண்டு, அதன் தலையைத் தண்டோடு வெட்டி அதே சேற்றில் மறுபடி நடுவார்கள். பக்கத்தில் முளைக்கும் கன்றுகளையும் பிரித்து நடுவார்கள். வேறு விதை கிடையாது. ஆகவே வயல் கெட்டால் இந்த வருடச் சோறும் போச்சு, அடுத்த வருடச் சோறும் போச்சு. மாலுவின் வயலில் அறுபது செடிகள், அறுவடைக்கு இன்னும் ஒரு மாதம். ஐந்து வாய்களை வைத்துக்கொண்டு அவள் பயந்ததை யாரும் குற்றம் சொல்ல முடியாது. பயந்து என்ன செய்தாள் என்பதில்தான் கதையே இருக்கிறது.

அந்த வருடம் மழை ஏமாற்றியது. இருபது நாளாக மலை உச்சியில் ஒரு மேகம்கூட வந்து உட்காரவில்லை. வாய்க்காலில் தண்ணீர் இளைத்துவிட்டது. ஆனாலும் வந்துகொண்டுதான் இருந்தது. மாலு நாளைக்குப் பத்து முறை மேல் மடையில் போய் நின்று, நேற்றைக்கு இந்தக் கல்லுக்கு மேலே ஓடியதா, கீழே ஓடியதா என்று பார்ப்பாள். பார்த்ததை நம்பாமல் மறுபடி வந்து பார்ப்பாள்.

இந்த நேரம் பார்த்து டோலோ என்ற எலி வந்து சேர்ந்தது. அடுத்த வீட்டில் அடுப்புப் புகையைப் பார்த்துவிட்டு, வீடே பற்றி எரிகிறது என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டு வரும் ஆட்கள் இருப்பார்களே, அந்த ரகம்.

"மாலுக்கா, விஷயம் தெரியுமா? மேலே கேயோலா வாய்க்கால்கிட்ட கல்லா குவிச்சு வச்சிருக்காரு."

"கல்லா? எதுக்கு?"

"கல்லை எதுக்குக் குவிப்பாங்க? நான் ஒண்ணும் சொல்லலை. எனக்கெதுக்கு ஊர் வம்பு?"

வேண்டாத வம்பை நடு வரப்பில் இறக்கி வைத்துவிட்டு எலி தன் வழியே போய்விட்டது. மேல் வயல் ஒன்றும் வேறு ஊரில் இல்லை, கூப்பிடு தூரம்தான். போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் கேட்டு, ஆமாம், அடைக்கத்தான் போகிறேன் என்று அந்தப் பன்றி சொல்லிவிட்டால்? அதைக் காதால் கேட்கும் தெம்பு அவளுக்கு இல்லை. கேட்காமல் இருக்கும்வரை அது நடக்காது என்று ஒரு கணக்கு. பயந்தவர்களின் கணக்கு எப்போதும் இப்படித்தான் இருக்கும்.

அதனால் அவள் வேறொன்று செய்தாள். குஞ்சுகளை வரப்பின் மேட்டில் உட்கார வைத்துவிட்டுக் கீழ் மடைக்குப் போனாள். முதலில் ஒரு கல் வைத்தாள். பிறகு இன்னொன்று. இடுக்கில் சேற்றைப் பூசினாள், சேற்றின் மேல் சருகை அமுக்கினாள். நாலு நாளைக்குத்தானே, மழை வந்ததும் எடுத்துவிடப் போகிறேன் என்று தனக்குத்தானே நூறு தடவை சொல்லிக்கொண்டாள். உச்சி வேளைக்குள் கீழ் மடை அடைபட்டுவிட்டது. வயலில் தண்ணீர் ஏறத் தொடங்கியது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. இருபது நாளில் அன்றைக்குத்தான் அவள் வயிறாரச் சாப்பிட்டாள்.

மறுநாளே இலிமா வரப்பேறி வந்தாள். மாலு ஓடிப்போய் பாதி வழியிலேயே அவளை மறித்துக்கொண்டாள். நல்லவேளை, சேம்பிலைகள் அகலம் அகலமாக விரிந்து கிடந்ததால் உள்ளே நின்ற தண்ணீர் வெளியே தெரியவில்லை.

"எனக்குத் தண்ணி சுத்தமா நின்னுபோச்சு மாலு. உனக்கு வருதா?"

உண்மையைச் சொல்ல அதுதான் நேரம். மாலுவின் அலகு திறந்தது. வந்தது வேறு.

"எனக்கும் வரலைக்கா. மேலேயே அடைச்சுட்டாங்க போல."

இலிமாவால் நம்ப முடியவில்லை. கேயோலா முரடன்தான், ஆனால் அடுத்தவர் வயலைக் காயப்போடுகிற ஆள் இல்லை என்றாள். நானே போய்க் கேட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பினாள். மாலு குறுக்கே போய் நின்றாள். இப்போது போகாதே, அவனுக்குக் கோபம் வந்தால் ஆள் பார்க்க மாட்டான், இரண்டு நாள் பொறுத்துப் பார்க்கலாம் என்று கெஞ்சிக் கூத்தாடித் திருப்பி அனுப்பினாள். இலிமா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனாள். அது வரைக்கும் மாலுவுக்குத் தண்ணீரைப் பற்றி மட்டும்தான் பயம். இப்போது பொய்யைப் பற்றியும் சேர்ந்துகொண்டது.

நாலாம் நாள் தண்ணீரில் கால் வைத்தபோது சுட்டது. போக வழியில்லாத தண்ணீர், பகலெல்லாம் வெயிலில் நின்ற தண்ணீர், வேறு எப்படி இருக்கும்? மேலே பச்சையாகப் பாசி படர்ந்திருந்தது. இலை ஓரங்கள் மஞ்சளாகத் தொடங்கின. அந்தத் தீவில் சேம்பு பயிரிடுகிற யாரைக் கேட்டாலும், மடையைத் திறந்துவிடு, செடிக்கு மூச்சு முட்டுகிறது என்று சொல்லியிருப்பார்கள். மாலுவுக்கும் தெரியாததில்லை. ஆனால் பயம் வந்து உட்கார்ந்த இடத்தில் தெரிந்தது எதுவும் நிற்பதில்லை. செடிகளுக்குத் தண்ணீர் போதவில்லை என்று அவள் முடிவு கட்டினாள். கீழ் மடையின் மேல் இன்னும் இரண்டு கல் ஏற்றி, சேறு பூசி உயர்த்தினாள். பாவம் என்று சொல்வதா, மடத்தனம் என்று சொல்வதா?

ஏழாம் நாள் காலையில் வயலிலிருந்து ஒரு நாற்றம் வந்தது.

மாலு ஒரு தண்டை அலகால் பற்றி இழுத்தாள். பலமாக இழுக்க வேண்டியே இருக்கவில்லை, அலகோடு வந்துவிட்டது. கல் மாதிரி இருக்க வேண்டிய கிழங்கு கனிந்த பப்பாளி போலக் குழகுழவென்று சேற்றில் வழிந்தது. அடுத்ததை இழுத்தாள். அதுவும் அப்படியே. மூன்றாவது, நாலாவது, பத்தாவது. பக்கக் கன்றுகளும் அடியோடு அழுகியிருந்தன. ஒன்றாவது, ஒன்றே ஒன்றாவது கெட்டியாக இருக்காதா என்று வயல் முழுக்க இழுத்துப் பார்த்தாள். அறுபதும் போயிருந்தன. குஞ்சுகள் மேட்டிலிருந்து பசிக்கிறது என்று கத்தின. அவளுக்கு அழக்கூட வரவில்லை.

அலறி அடித்துக்கொண்டு ஓடிப்போய் மடையைப் பிரித்தாள். நாறிய தண்ணீர் குபுகுபுவென்று இலிமாவின் வயலுக்குள் பாய்ந்தது. நிமிர்ந்து பார்த்தால் வரப்பின் மேல் இலிமா நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் கேயோலா. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு இலிமா அன்று காலை மேல் வயலுக்கே போய்க் கேட்டிருக்கிறாள். கேயோலா ஆச்சரியப்பட்டு, நான் எங்கே அடைத்தேன், வா பார்க்கலாம் என்று கூடவே இறங்கி வந்திருக்கிறார். இருவரும் சிதறிக் கிடந்த கற்களைப் பார்த்தார்கள். அழுகிய வயலைப் பார்த்தார்கள். மாலுவைப் பார்த்தார்கள்.

கேயோலா வாயைத் திறக்கப் போனார். இலிமா அவரைச் சிறகால் தடுத்தாள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மத்தியானம் என் வீட்டுக்குச் சாப்பிட வா என்று மட்டும் மாலுவிடம் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள்.

மாலு போனாள். போகாமல் என்ன செய்வது, குஞ்சுகள் பட்டினி. காலையில் பாய்ந்த தண்ணீரை வெடிப்புகள் குடித்துவிட, இலிமாவின் வயல் இன்னும் வெடித்தே கிடந்தது. ஆனாலும் ஈரம் கொஞ்சம் அடியில் இருந்ததால் கிழங்குகள் சின்னதாக, கெட்டியாக, உயிரோடு இருந்தன. தண்ணீர் இல்லாத வயல் பிழைத்திருந்தது. அதில் இரண்டைப் பிடுங்கி அவித்து, கல்லில் இடித்து, தண்ணீர் விட்டுக் குழைத்து, மரக்கிண்ணம் நிறையக் களி செய்து நடுவில் வைத்து மூடியிருந்தாள் இலிமா. கேயோலாவும் வந்து உட்கார்ந்திருந்தார்.

இங்கே அந்தத் தீவின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அவர்களுக்குச் சேம்பு வெறும் கிழங்கு இல்லை. குடும்பத்திலேயே அதுதான் மூத்தது, நாமெல்லாம் அதற்குப் பின்னால் பிறந்தவர்கள் என்பார்கள். அதனால் களிக் கிண்ணம் திறந்திருக்கும்வரை அதன் முன்னால் யாரும் சண்டை போடக் கூடாது. கோபமாக ஒரு வார்த்தை பேசக் கூடாது. எத்தனை பெரிய பகை இருந்தாலும் மூடி போட்ட பிறகுதான்.

இலிமா மெதுவாக மூடியை எடுத்துக் கீழே வைத்தாள்.

"கிண்ணம் திறந்தாச்சு மாலு. இப்ப சொல்லு."

மாலுவுக்குப் புரிந்தது. திட்டு விழாத ஓர் இடத்தை இலிமா தனக்காகவே உண்டாக்கித் தந்திருக்கிறாள் என்று புரிந்தது. எலி சொன்னதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். கல்லை வைத்ததைச் சொன்னாள். பொய்யை மட்டும் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். கேயோலாவின் காது இரண்டும் சிவந்துவிட்டன. மூக்கு விடைத்தது. ஆனால் அவர் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு அடக்கிக்கொண்டார். கடைசியில் தாழ்ந்த குரலில் பேசினார்.

"என் வரப்பு உடைஞ்சு தண்ணி காட்டுக்குள்ள போய்க்கிட்டு இருந்துச்சும்மா. உங்க ரெண்டு பேருக்கும் குறையக் கூடாதேன்னுதான் கல்லைப் போட்டுக் கட்டினேன்."

மாலு எங்கே முகத்தை வைத்துக்கொள்வாள்? குஞ்சுகள் ஐந்தும் ஒன்றும் தெரியாமல் களியை வழித்து வழித்துச் சாப்பிட்டன. அவளுக்கு ஒரு வாய் இறங்கவில்லை. இதற்குப் பதில் இரண்டு பேரும் சேர்ந்து அடித்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

எல்லோரும் சாப்பிட்டார்கள். இலிமா மூடியை எடுத்துக் கிண்ணத்தின் மேல் வைத்தாள். வைத்தாளோ இல்லையோ, பிடித்துக்கொண்டாள்! பொய் சொன்னதற்கு ஒரு பாட்டம், கேட்காமல் இருந்ததற்கு ஒரு பாட்டம், கூட இரண்டு கல் ஏற்றியதற்குத் தனியாக ஒரு பாட்டம். வெயில் சாயும்வரை திட்டினாள். மாலு குனிந்த தலை நிமிராமல் கேட்டுக்கொண்டாள். விசித்திரம் என்னவென்றால், இத்தனை நாளாக நெஞ்சை அழுத்தியது அந்தத் திட்டில்தான் கொஞ்சம் இறங்கியது.

திட்டி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டு இலிமா கேட்டாள்.

"நடுறதுக்கு எத்தனை கன்னு வேணும்?"

மாலு குஞ்சுகளின் அலகை ஒவ்வொன்றாகத் துடைக்கத் தொடங்கினாள்.

"வாயைத் திறந்து கேளு. நீ கேட்காம நான் தர மாட்டேன்."

"அறுபதுக்கா," என்றாள் மாலு. குரல் வெளியே வந்ததா என்று அவளுக்கே சந்தேகம்.

என்னிடம் நாற்பதுதான் தேறும், மீதியை அவரிடம் நீயே கேள் என்றாள் இலிமா. மாலு திரும்பி, கேயோலாவின் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். அவர் ஓர் உறுமல் உறுமினார். பிறகு, காலையில் வந்து பிரித்துக்கொண்டு போ என்றார்.

மாலு நட்டாள். கீழ் மடையில் ஒரு சருகு சிக்கினாலும் ஓடிப்போய் எடுத்தாள். ஆனால் நட்ட கன்று கிழங்காக ஒரு வருடம் வேண்டுமே. அந்த ஒரு வருடமும் அவளும் அவள் பிள்ளைகளும் ஒரு நாள் மேல் வீட்டிலும் ஒரு நாள் கீழ் வீட்டிலும் சாப்பிட்டார்கள். தினமும் கிண்ணம் திறக்கும். தினமும் மாலு அதன் முன்னால் உட்காருவாள். ஒருவர்கூட அவளை ஒரு வார்த்தை சொன்னதில்லை. தினமும் அவளுக்கு முதல் வாய் மட்டும் தொண்டையில் நின்று நின்றுதான் இறங்கும்.

பிறர் பறித்துக்கொள்வார்களோ என்ற பயத்தில் அடுத்தவர் பங்கை அடைத்து வைப்பவர், முதலில் இழப்பது தன் பங்கைத்தான்.